லிவ்அபோர்டு ஏறும் முன் நம்ம கடலில் காதைப் பழக்குங்கள்

ஒரு வாரம் படகிலேயே தூங்கி, படகிலேயே சாப்பிட்டு, தீவு தீவாகப் போய் ஸ்கூபா டைவிங் (சிலிண்டர் காற்றைச் சுவாசித்துக் கடலுக்குள் இறங்குவது) செய்வதற்குப் பெயர் லிவ்அபோர்டு. காலையில் எழுந்து பார்த்தால் நேற்று இருந்த தீவு இருக்காது, வேறொரு பவளப்பார் அருகே படகு நிற்கும். ராமநாதபுரம் கரையில் இருக்கும் நமக்குக் கிட்டத்தில் இந்த வசதி இருப்பது மாலத்தீவில்தான். இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் மாலேயில் இறங்கியதும் விசா இலவசமாகவே கிடைக்கும்.

போக ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அந்தப் படகில் ஏறிய பிறகு பழகிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இங்கேயே பழகிவிட்டுப் போங்கள்.

படி 1: டாக்டரும் நீச்சலும்

ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது ஆபரேஷன் இதில் எது இருந்தாலும் முதலில் டாக்டரைப் பாருங்கள். அப்புறம் நிற்காமல் 200 மீட்டர் நீந்தவும், 10 நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்கவும் வர வேண்டும். ஸ்கூபாவின் முதல் படியான ஓப்பன் வாட்டர் கோர்ஸில் இதைத்தான் கேட்பார்கள்.

படி 2: காது

இதற்கு எவ்வளவு நாள் ஆனாலும் பரவாயில்லை. கீழக்கரையில் எங்கள் எதிர்வீட்டு மாமா முப்பது வருஷம் சங்கு குளித்தவர். வலது பக்கம் நின்று பேசினால் அவருக்குக் கேட்காது. "வலிச்சதுமே மேல வந்திருக்கணும் தம்பி. ஒரு சங்கு கண்ணுல பட்டுச்சு, இறங்கிட்டேன்" என்றார் ஒருநாள். அதைச் சொல்லும்போது அவர் விரல் அந்தக் காது மடலைத் தடவிக்கொண்டே இருந்தது.

தண்ணீரில் 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். அடுத்த 10 மீட்டரில் மூன்று மடங்குதான். அதனால் காதுக்குக் கஷ்டமே முதல் சில மீட்டரில்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மெதுவாக மூக்கு வழியே ஊதுங்கள். காதுக்குள் 'பொட்' என்று சத்தம் வரும், அதுதான் காது திறப்பது. வலி வந்தபின் செய்தால் பயனில்லை. தண்ணீர் மட்டத்திலேயே ஒரு தடவை, பிறகு அரை மீட்டருக்கு ஒரு தடவை. நங்கூரக் கயிற்றைப் பிடித்து, கால் கீழே தலை மேலே இருக்கும்படி இறங்குங்கள். திறக்கவில்லை என்றால் ஒரு மீட்டர் மேலே வந்து திரும்பச் செய்யுங்கள். அப்போதும் திறக்காவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், கரைக்கு வந்துவிடுங்கள். பலம் கொண்டு ஊதினால் செவிப்பறை கிழியும். சளி பிடித்திருந்தால் தண்ணீரில் இறங்கவே கூடாது.

பழக ஏற்ற இடம் அரியமான், பிரப்பன்வலசைப் பக்கம். பாக் விரிகுடாவின் ஆழமில்லாத கடல், நாம் பெண்கடல் என்று சொல்வது. மாஸ்க்கும் ஸ்நார்க்கலும் (வாயில் வைத்து மூச்சு விடும் குழாய்) போதும், ஆனால் பக்கத்தில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்ல சமயம். வாடைக் காற்று மாதங்களில் இந்தப் பக்கம் கலங்கிக் கிடக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. தெரிந்தவர் படகு இருக்கிறதே என்று அங்கே போய் இறங்காதீர்கள்.

படி 3: சான்றிதழும் மிதப்பும்

சென்னை, புதுச்சேரி, அந்தமானில் கோர்ஸ் நடக்கிறது. ஓப்பன் வாட்டர் முடித்தால் 18 மீட்டர் ஆழம் வரை, அடுத்த கோர்ஸான அட்வான்ஸ்டு முடித்தால் 30 மீட்டர் வரை இறங்கலாம். மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவிங்குக்கு 30 மீட்டர்தான் எல்லை. இரண்டையும் முடித்து, கொஞ்சம் டைவ் கணக்கும் சேர்ந்தபின் படகுக்குப் பணம் கட்டுங்கள்.

டைவிங்குக்குப் போடும் மிதப்பு ஜாக்கெட்டில் காற்றை ஏற்றி இறக்கி, மூச்சாலேயே ஒரே உயரத்தில் நிற்கப் பழகுவது முக்கியம். மூச்சை இழுத்தால் ஒரு சாண் மேலே, விட்டால் ஒரு சாண் கீழே. இது வராதவர் காலில் மாட்டும் துடுப்பு (ஃபின்ஸ்) பவளத்தில் இடிக்கும். 2016ஆம் ஆண்டு வெப்பத்தில் மன்னார் வளைகுடாவிலும் மாலத்தீவிலும் பவளங்கள் வெளுத்து நிறையச் செத்தன. மிச்சம் இருப்பதை நாம் காலால் உடைக்கக் கூடாது.

படி 4: எப்போது போவது

தெளிந்த தண்ணீர் வேண்டுமானால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. பெரிய மாண்டா திருக்கைகள் கூட்டமாக இரை தேடுவதைப் பார்க்க வேண்டுமானால் தென்மேற்குப் பருவத்தில் மாலத்தீவின் பா அட்டோலில் (பவளத் தீவுக்கூட்டம்) உள்ள ஹனிஃபாரு விரிகுடா. அங்கே சிலிண்டருக்கு அனுமதி இல்லை, ஸ்நார்க்கல் மட்டும். டைவிங் இன்ஷூரன்ஸை மறக்காதீர்கள். வாந்தி மாத்திரையை ஊரிலேயே ஒருநாள் போட்டுப் பாருங்கள், சிலருக்கு அது தூக்கத்தைக் கொண்டுவரும்.

படி 5: படகில்

தங்கும் படகு பெரியது. சிலிண்டரெல்லாம் கூடவே வரும் சிறிய படகில் இருக்கும். அதை அவர்கள் 'தோனி' என்கிறார்கள். நம்ம தோணிதான்! முதல் தடவை அந்த வார்த்தையைக் கேட்டதும் பாம்பன் கரையில் நிற்பது போலவே இருந்தது எனக்கு.

பெரும்பாலும் ஒரு நாளைக்கு மூன்று டைவ். ஒவ்வொன்றுக்கும் முன்னால் நீரோட்டம் எந்தப் பக்கம், எங்கே ஏற வேண்டும் என்று சொல்வார்கள். அப்போது போனைப் பார்க்காதீர்கள். தீவுகளுக்கு நடுவில் உள்ள கால்வாய்களில் நீரோட்டம் வேகமாக இழுக்கும். எதிர்த்து நீந்தாமல் கூட வருபவரோடு சேர்ந்தே போங்கள். மேலே வரும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் கூடாது. 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று, சிவப்பு மிதவைக் குழாயை ஊதி மேலே விடுங்கள். அதைப் பார்த்துத்தான் தோணி உங்களைத் தேடி வரும். உடம்பு அசதியாக இருந்தால் ஒரு டைவை விட்டுவிடுங்கள். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

படி 6: திரும்பும் நாள்

பல நாள் தொடர்ந்து டைவ் செய்தபின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் விமானத்தின் குறைந்த அழுத்தத்தில் குமிழியாக மாறும் ஆபத்து உண்டு. நான் 24 மணி நேரம் விடுவேன். டிக்கெட் போடும்போதே கடைசி டைவ் எத்தனை மணிக்கு முடியும் என்று படகுக்காரர்களிடம் கேட்டு, அதிலிருந்து கணக்குப் போட்டு விமானத்தைத் தேர்ந்தெடுங்கள்.