12 வோல்ட்டிலிருந்து 22 வோல்ட், 1 ஆம்பியர்: காயில் இல்லாத டபுளர்

555 டைமர் ஐசியையும் இரண்டு டையோடையும் வைத்துக் கட்டும் டபுளர் (வோல்டேஜை இரட்டிப்பாக்கும் சர்க்யூட்) சில பத்து மில்லிஆம்பியர் வரை ஒழுங்காக ஓடும். லோடு கூடினால் அவுட்புட் சரியும். உடனே கெபாசிட்டரைப் பெரிதாக்கத்தான் கை போகும். ஆனால் வோல்டேஜைத் தின்பது பெரும்பாலும் 555-தான். 15 வோல்ட் சப்ளையில் 200 மில்லிஆம்பியர் இழுத்தால், ஹை நிலையில் மட்டும் 2.5 வோல்ட் போய்விடும்.

முதலில் கணக்கு. பம்ப் கெபாசிட்டர், அதாவது சார்ஜை ஏற்றி அவுட்புட்டுக்குத் தள்ளும் கெபாசிட்டர், அரைச் சுற்றில் நிரம்பி மறு அரையில் காலியாகிறது. அதனால் 1 ஆம்பியர் லோடுக்கு அதன் வழியே ஓடுவது 2 ஆம்பியர். 0.5 ஓம் இஎஸ்ஆர் (கெபாசிட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ்) உள்ள சாதா எலக்ட்ரோலிடிக் போட்டால் அதற்குள் 2 வாட் சூடு. அவுட்புட்டிலும் 2 வோல்ட் குறையும். கெபாசிட்டரின் மண்டை உப்புவது இதனால்தான். 100 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் பாலிமர், இஎஸ்ஆர் 30 மில்லிஓமுக்குள் பார்த்து வாங்குங்கள். செராமிக் என்றால் 12 வோல்ட் ஏறியதும் கெபாசிட்டன்ஸ் பாதியாகக்கூடும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சுவிட்சுக்கு 12 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மேலும் கீழுமாக இரண்டு ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட், அவற்றை இயக்கும் டிரைவருக்கு ஐஆர்2153 ஐசி. இதற்குள்ளேயே ஆசிலேட்டர் இருப்பதால் 555 தேவையில்லை. 2, 3 பின்களுக்கு நடுவே 15 கிலோஓம், 3-லிருந்து கிரவுண்டுக்கு 1 நானோஃபாரட்: சுமார் 47 கிலோஹெர்ட்ஸ். பின் 5 கீழ் மாஸ்ஃபெட் கேட்டுக்கு, 7 மேல் கேட்டுக்கு, இரண்டிலும் 10 ஓம். பின் 6 நடுமுனைக்கு, அதாவது இரண்டு மாஸ்ஃபெட்டும் சேரும் இடத்துக்கு. 8-க்கும் 6-க்கும் நடுவே 1 மைக்ரோஃபாரட். 1-லிருந்து 8-க்கு யுஎஃப்4007, கேத்தோடு 8 பக்கம். பின் 1-க்கு 12 வோல்ட் 47 ஓம் வழியாக. அங்கிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட். பின் 4 கிரவுண்ட்.

பம்ப் கெபாசிட்டரின் மைனஸ் நடுமுனையில், பிளஸ், 12 வோல்ட்டிலிருந்து அவுட்புட்டுக்கு வரிசையாகப் போகும் இரண்டு 1என்5822 டையோடுகள் சேரும் இடத்தில். அவுட்புட்டில் 470 மைக்ரோஃபாரட், 35 வோல்ட், லோ இஎஸ்ஆர்; இன்புட்டில் மாஸ்ஃபெட்டை ஒட்டி இன்னொன்று. டையோடுகளில் 0.9, மற்றவற்றில் அரை வோல்ட் போக, 22.5-க்குப் பக்கத்தில் கிடைக்கும்.

அதிர்வெண்ணை 200 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றிச் சின்னக் கெபாசிட்டரில் முடிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். ஐஆர்2153 ஒவ்வொரு மாற்றத்திலும் 1.2 மைக்ரோசெகண்ட் இரண்டு மாஸ்ஃபெட்டையும் அணைத்து வைக்கிறது; 5 மைக்ரோசெகண்ட் சுற்றில் பாதி அதிலேயே போகும். 9 வோல்ட் வராமல் இந்த ஐசி கிளம்பாது, ஆகவே 5 வோல்ட் சப்ளைக்கு உதவாது.

அவுட்புட் ஷார்ட் ஆனால் தடுக்க எதுவுமில்லை: பேட்டரியிலிருந்து டையோடுகள் வழியே நேரே பாயும். 5 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். அதே காரணத்தால் ஐசியை நிறுத்தினாலும் அவுட்புட்டில் 11 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ஆன்–ஆஃப் சுவிட்சை 12 வோல்ட் லைனில் போடுங்கள்.