விசைப்பலகையின் ஓரத்து விசைகள்: எது எதற்கு, எப்படி அழுத்துவது?

எழுத்துகளையும் எண்களையும் தடங்கலின்றித் தட்டச்சு செய்பவர்கள்கூட விசைப்பலகையின் ஓரங்களில் இருக்கும் விசைகளைத் தொடத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. எழுத்து விசையைத் தட்டினால் எழுத்து வரும். ஸ்க்ரோல் லாக் விசையைத் தட்டினால் திரையில் எதுவுமே வராது. ஆனால் உள்ளே ஏதோ ஒன்று மாறியிருக்கும். என்ன மாறியது என்பது அரைமணி நேரம் கழித்து வேறோர் இடத்தில் தலைகாட்டும்.

இந்த விசைகள் அனைத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சில விசைகள் தட்டியவுடன் வேலையை முடித்துவிடும். சில, இன்னொரு விசையோடு சேர்த்துப் பிடித்தால்தான் வேலை செய்யும். இன்னும் சில, ஒரு தட்டில் வேறு நிலைக்குப் போய், மறுபடி தட்டும் வரை அங்கேயே நின்றுவிடும். ஒரு விசை இவற்றில் எந்த வகை என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். 'விசைப்பலகை கெட்டுவிட்டது' என்று வரும் புகார்களில் பலவற்றுக்குக் காரணம் அந்தக் கடைசி வகைதான்.

விண்டோஸ் கணினியை வைத்தே சொல்கிறேன். மேக் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் தனிப் பத்தி உண்டு.

படி 1: பயிற்சிக்கு ஒரு வெற்றுப் பக்கம்

கீழ் வரிசையில் சன்னல் சின்னம் பொறித்த விண்டோஸ் விசையை ஒருமுறை தட்டி விடுங்கள். தொடக்கப் பட்டி திறக்கும். சுட்டியைத் தொடாமல், அப்படியே நோட்பேட் என்று ஆங்கில எழுத்துகளில் தட்டி எண்டரை அழுத்துங்கள். வெற்றுப் பக்கம் வந்துவிடும். அதில் மனதில் தோன்றும் நான்கு வரிகளைத் தட்டிவைத்துக்கொள்ளுங்கள். இனி எதைச் சோதித்தாலும் இங்கேதான். கெட்டுப்போக இதில் எதுவும் இல்லை.

படி 2: பிடித்துக்கொண்டு தட்ட வேண்டியவை

ஷிஃப்ட், கண்ட்ரோல், ஆல்ட், விண்டோஸ் விசை ஆகிய நான்கும் இந்த வகை. கண்ட்ரோல் விசையின் பெயர் பலகையில் சி, டி, ஆர், எல் என்று சுருக்கமாக இருக்கும்.

'கண்ட்ரோல் + சி' என்று எங்காவது படித்தால், இரண்டையும் ஒரே நொடியில் அடிக்க வேண்டும் என்று புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி அடிப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. செய்து பாருங்கள்: கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு ஏ விசையைத் தட்டுங்கள். நீங்கள் எழுதியது முழுவதும் தேர்வாகி நிறம் மாறும். இப்போது கண்ட்ரோல் இல்லாமல் சி விசையை மட்டும் தட்டுங்கள். நான்கு வரிகளும் மறைந்து, ஒற்றை எழுத்து மட்டும் மிஞ்சும். கண்ட்ரோலை ஒரு கணம் தாமதமாக அழுத்தினாலும் இதேதான் நடக்கும். பதற வேண்டாம். கண்ட்ரோல் + இசட் அடியுங்கள். போனது திரும்பி வரும். தேவைப்பட்டால் இன்னொரு முறை அடியுங்கள்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் கண்ட்ரோலை அழுத்திப் பிடியுங்கள், பிறகு மற்ற விசையை ஒருமுறை தட்டுங்கள், கடைசியாகக் கண்ட்ரோலை விடுங்கள்.

நகலெடுக்க சி, வெட்ட எக்ஸ், ஒட்ட வி, சேமிக்க எஸ், தேட எஃப். இவை எல்லாம் கண்ட்ரோலோடு. இந்த ஐந்தும் இசட்டும் கைக்கு வந்துவிட்டால் அன்றாட வேலைக்குப் போதும்.

ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு டேப் விசையைத் தட்டினால் திறந்திருக்கும் சாளரங்கள் வரிசையாகத் தெரியும். ஆல்ட்டை விடாமல் டேப்பை மட்டும் தட்டத் தட்டத் தேர்வு நகரும். வேண்டிய சாளரம் வந்ததும் ஆல்ட்டை விடுங்கள். ஆல்ட் + எஃப்4 திறந்திருக்கும் சாளரத்தை மூடும்.

விண்டோஸ் விசை தனியாகவும் வேலை செய்யும், சேர்ந்தும் வேலை செய்யும். அதோடு எல் தட்டினால் கணினி பூட்டிக்கொள்ளும். இருக்கையை விட்டு எழும்போது இதைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. டி தட்டினால் எல்லாம் ஒதுங்கி முகப்புத் திரை தெரியும். ஸ்பேஸ் தட்டினால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறலாம். இரண்டு மொழிகளையும் அமைப்புகளில் முன்பே சேர்த்திருக்க வேண்டும். விண்டோஸ் + வி பலருக்குத் தெரியாத ஒன்று. முதல்முறை அழுத்தும்போது இயக்கட்டுமா என்று கேட்கும்; அனுமதித்துவிட்டால், அதன்பின் நீங்கள் நகலெடுத்தவற்றில் கடைசி 25 வரை பட்டியலாகக் காட்டும். கடவுச்சொல்லை நகலெடுத்தால் அதுவும் அந்தப் பட்டியலில் வரக்கூடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கண்ட்ரோல் + ஆல்ட் + டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தும் வழக்கத்தைத் தந்தவர் ஐபிஎம் பொறியாளர் டேவிட் பிராட்லி. 1981இல் வந்த ஐபிஎம் கணினியில் அது கணினியை உடனே மறுதொடக்கம் செய்யும். கை தவறிப் பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே ஒரே கையால் எட்டாத விசைகளாகப் பார்த்து வைத்தார்கள். இன்றைய விண்டோஸில் அது பூட்டு, வெளியேறு, டாஸ்க் மேனேஜர் (இயங்கும் செயலிகளின் பட்டியல்) ஆகியவை கொண்ட திரையைக் காட்டுகிறது. உறைந்து நிற்கும் ஒரு செயலியை நிறுத்துவதுதான் நோக்கம் என்றால், கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் நேராக டாஸ்க் மேனேஜருக்கே போய்விடும்.

படி 3: நகர்வதற்கான விசைகள்

ஹோம் வரியின் தொடக்கத்துக்கும் எண்ட் வரியின் முடிவுக்கும் கொண்டுபோகும். கண்ட்ரோலோடு சேர்த்தால் ஆவணத்தின் முதலுக்கும் கடைசிக்கும். பேஜ் அப், பேஜ் டவுன் ஒரு திரை அளவு மேலும் கீழும் நகர்த்தும். கண்ட்ரோலைப் பிடித்தபடி இட, வல அம்புக்குறிகளைத் தட்டினால் எழுத்து எழுத்தாக அல்லாமல் சொல் சொல்லாகத் தாவலாம். இவை எதனோடும் ஷிஃப்ட்டைச் சேர்த்துவிட்டால், தாவும் தூரம் முழுவதும் தேர்வாகிவிடும். ஷிஃப்ட் + எண்ட் ஒருமுறை அடித்துப் பாருங்கள். சுட்டியை இழுத்து இழுத்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அன்றே விட்டுப்போகும்.

படி 4: அழிக்கும் விசைகள் இரண்டு

பேக்ஸ்பேஸ் நிலைகாட்டிக்கு (திரையில் சிமிட்டும் கோட்டுக்கு) இடப்பக்கம் இருப்பதை அழிக்கும். டெலிட் வலப்பக்கம் இருப்பதை அழிக்கும். ஆங்கிலத்தில் வேறுபாடு அவ்வளவுதான். தமிழில் இன்னொன்று உண்டு.

'கு' என்று தட்டி, அதன் முடிவில் நின்று பேக்ஸ்பேஸை ஒருமுறை அழுத்துங்கள். உகரக் குறி மட்டும் போய் 'க' மிஞ்சும். மறுபடி 'கு' தட்டி, ஹோம் அழுத்தி அதற்கு முன்னால் வந்து டெலிட் அழுத்துங்கள். எழுத்து முழுவதுமாகப் போய்விடும். உயிர்மெய்யைக் கணினி மெய்யெழுத்தின் வடிவம் ஒன்று, உயிர்க்குறி ஒன்று எனத் தனித்தனியாகச் சேமிப்பதால் இப்படி. 'கொடு' என்பதைக் 'கெடு' என்று தட்டிவிட்டீர்களா? எழுத்தையே அழித்து மறுபடி தட்டத் தேவையில்லை. 'கெ'க்குப் பின் நின்று பேக்ஸ்பேஸால் குறியை மட்டும் நீக்கிச் சரியான குறியை இடலாம். பெரும்பாலான செயலிகள் இப்படித்தான் நடந்துகொள்கின்றன.

கண்ட்ரோல் + பேக்ஸ்பேஸ் ஒரு சொல்லையே அழிக்கும். கோப்புகளின் மேல் ஷிஃப்ட் + டெலிட் அழுத்தினால் கோப்பு மறுசுழற்சித் தொட்டிக்குப் போகாமல் நேராக அழிக்கப்படும். விண்டோஸ் 'உறுதியா?' என்று கேட்கும்போது ஒருமுறை படித்துவிட்டு எண்டரைத் தட்டுங்கள்.

படி 5: பூட்டு விசைகள்

இங்கேதான் பொறுமை தேவை.

கேப்ஸ் லாக் ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளை நிலையாக்கும். எண்களையும் குறியீடுகளையும் அது தொடாது, அவற்றுக்கு ஷிஃப்ட்தான். சரியான கடவுச்சொல்லைக் கணினி ஏற்க மறுத்தால், முதலில் இந்த விசையின் விளக்கைப் பாருங்கள்.

நம் லாக் வலப்பக்க எண்தொகுதிக்கானது. அது எரிந்தால் எண்கள் வரும். அணைந்தால் 7 ஹோமாகவும், 1 எண்டாகவும், 9 பேஜ் அப்பாகவும், 3 பேஜ் டவுனாகவும் மாறிவிடும். எண்ணைத் தட்டினால் நிலைகாட்டி எங்கோ ஓடுகிறது என்றால் காரணம் இதுதான். எண்தொகுதி இல்லாத சில மடிக்கணினிகளில் கோளாறு வேறு மாதிரி வரும்: நம் லாக் இயங்கிவிட்டால் ஜே, கே, எல் போன்ற எழுத்து விசைகள் எண்களைத் தரத் தொடங்கும். பாதி எழுத்து, பாதி எண்ணாகத் தட்டச்சு வந்தால் ஆளைக் கூப்பிடுவதற்கு முன் அதை அணைத்துப் பாருங்கள்.

ஸ்க்ரோல் லாக்கை இன்று பெரும்பாலான செயலிகள் கண்டுகொள்வதில்லை. எக்செல் விதிவிலக்கு. ஸ்க்ரோல் லாக் இயங்கும்போது எக்செலில் அம்புக்குறியைத் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போகாமல் தாள் முழுவதுமே நகரும். எக்செலின் அடிப்பட்டியில் ஸ்க்ரோல் லாக் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பலகையில் அந்த விசையே இல்லை என்றால் விண்டோஸ் + கண்ட்ரோல் + ஓ அழுத்துங்கள். திரையில் ஒரு விசைப்பலகை வரும். அதிலிருக்கும் ஸ்க்ரோல் லாக்கைச் சுட்டியால் சொடுக்கி அணைத்துவிடலாம்.

இன்சர்ட் விசைக்குப் பெயரில் லாக் இல்லை என்றாலும் குணம் அதேதான். லிப்ரே ஆபிஸ் ரைட்டர் போன்ற எழுதும் செயலிகளில் இதைத் தெரியாமல் தட்டிவிட்டால், நடுவில் ஓர் எழுத்தைச் சேர்க்கும்போது அடுத்திருக்கும் எழுத்து அழிந்துகொண்டே வரும். மறுபடி ஒருமுறை தட்டினால் சரியாகும்.

ஷிஃப்ட்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் ஸ்டிக்கி கீஸ் பற்றி ஒரு கேள்வி எழும். இரண்டு விசைகளைச் சேர்த்துப் பிடிக்க இயலாதவர்களுக்கான நல்ல வசதி அது. ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினாலே போதும். வலது ஷிஃப்ட்டை எட்டு நொடிகள் பிடித்தால் வருவது ஃபில்டர் கீஸ். அதைப் படிக்காமல் ஒப்புக்கொண்டுவிட்டால், லேசாகத் தட்டும் விசைகளைக் கணினி பொருட்படுத்தாது. உடைந்த விசைப்பலகை போலவே தோன்றும். அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போய் அணைத்துவிடுங்கள்.

படி 6: எஃப் வரிசை

எஃப்1 முதல் எஃப்12 வரை நிலையான பொருள் கிடையாது. திறந்திருக்கும் செயலிதான் அதைத் தீர்மானிக்கும். எஃப்5 உலாவியில் பக்கத்தைப் புதுப்பிக்கும். நோட்பேடில் அன்றைய நேரத்தையும் தேதியையும் எழுதிவிடும். அழுத்திப் பாருங்கள். எஃப்1 பெரும்பாலும் உதவி. எஃப்2 தேர்ந்தெடுத்த கோப்பின் பெயரை மாற்ற. எக்செலில் கட்டத்தின் உள்ளே திருத்த. எஃப்11 உலாவியை முழுத்திரையாக்கும், மறுபடி அழுத்தினால் பழைய நிலை. மீதியைத் தேவை வரும்போது தெரிந்துகொண்டால் போதும்.

மடிக்கணினியில் எஃப்5ஐ அழுத்தினால் ஒலியோ வெளிச்சமோ மாறுகிறதா? கீழ் இடமூலையில் எஃப், என் என்று இரண்டெழுத்து உள்ள விசையைச் சேர்த்துப் பிடியுங்கள். பல மடிக்கணினிகளில் அந்த விசையோடு எஸ்கேப்பைத் தட்டினால் இந்த முறை நிலையாகவே மாறிவிடும்.

படி 7: மிச்சமிருப்பவை

எஸ்கேப், 'வேண்டாம், விடு' என்று சொல்லும் விசை. வேண்டாத பட்டி, பெட்டி, முழுத்திரைக் காணொளி எதுவானாலும் முதலில் இதைத் தட்டுங்கள்.

டேப், படிவங்களில் அடுத்த கட்டத்துக்குப் போக. ஷிஃப்ட்டோடு சேர்த்தால் முந்தையதற்கு. வேர்டில் ஓர் அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் நின்று டேப் தட்டினால் புதிய வரிசை முளைக்கும்.

பிரிண்ட் ஸ்கிரீன் எதையும் அச்சிடாது, திரையைப் படமெடுக்கும். விண்டோஸ் விசையோடு அழுத்தினால் படங்கள் கோப்புறையில் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற உறையில் சேரும். ஆல்ட்டோடு அழுத்தினால் முன்னால் இருக்கும் சாளரம் மட்டும் நகலாகும்; எங்காவது ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒரு பகுதி மட்டும் போதும் என்றால் விண்டோஸ் + ஷிஃப்ட் + எஸ். நான் பயன்படுத்துவது பெரும்பாலும் இதைத்தான்.

வலப்பக்கம் பட்டியல் போன்ற சின்னத்தோடு இருப்பது மெனு விசை; சுட்டியின் வலச் சொடுக்கு செய்யும் வேலையைச் செய்யும். அது இல்லாத பலகையில் ஷிஃப்ட் + எஃப்10. 2024 முதல் வரும் பல மடிக்கணினிகளில் அந்த இடத்தில் மைக்ரோசாஃப்டின் செயற்கை நுண்ணறிவு உதவியாளருக்கான கோபைலட் விசை உட்கார்ந்திருக்கிறது. பாஸ் விசைக்கு இன்று வேலை குறைவு; விண்டோஸ் விசையோடு அழுத்தினால் உங்கள் கணினியின் விவரங்களைக் காட்டும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு

மேலே கண்ட்ரோல் என்று சொன்ன இடங்களில் பெரும்பாலும் கமாண்ட் விசையைப் போட்டுக்கொள்ளுங்கள்: நகலெடுக்கக் கமாண்ட் + சி, செய்ததை மீட்கக் கமாண்ட் + இசட். சொல் சொல்லாகத் தாவ மட்டும் ஆப்ஷன் + அம்புக்குறி. மேக்கில் டெலிட் என்று எழுதியிருக்கும் விசை பேக்ஸ்பேஸின் வேலையைத்தான் செய்யும். வலப்பக்கம் அழிக்க, எஃப்-என் விசையைப் பிடித்துக்கொண்டு அதே டெலிட்டைத் தட்டுங்கள். திரையின் ஒரு பகுதியைப் படமெடுக்கக் கமாண்ட் + ஷிஃப்ட் + 4. படம் முகப்புத் திரையில் சேமிக்கப்பட்டிருக்கும்.