முதல் டிரையத்லான் சைக்கிள்: குறைந்த பணத்தில் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு அதிகாலையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு பாலத்தைத் தாண்டித் தேநீருக்காக நின்றிருந்தபோது, டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் போட்டி) பயிற்சிக்குப் புதிதாக வரும் தம்பி ஒருவர் தன் சைக்கிளைக் காட்டினார். கறுப்பு கார்பன் ஃப்ரேம், ஆழமான சக்கரங்கள், முன்னே நீண்ட ஏரோபார், அதாவது முழங்கைகளைப் பேடில் ஊன்றிக் குனிந்து ஓட்டுவதற்கான கைப்பிடி. "பாதி விலைக்குக் கிடைத்தது அண்ணா" என்றார். ஏறி உட்காரச் சொன்னேன். முழங்கை பேடில் பதிவதற்கே அவர் சீட்டின் நுனிக்கு நகர்ந்து, தோள்களை முன்னே தள்ள வேண்டியிருந்தது. நான் என் முதல் டிரை பைக்கில் (டிரையத்லானுக்கென்றே செய்யப்படும் சைக்கிள்) ஓராண்டு முழுவதும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஹெல்மெட், டயர் காற்று போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். பணத்தை விழுங்கும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஃப்ரேமில் எழுதியிருக்கும் எண்ணை நம்புவது

என் உயரம் 168 செ.மீ. விற்றவர் ஃப்ரேமின் அளவு '54' என்றார். இணையத்தில் இருந்த அட்டவணையும் அந்த எண் எனக்குப் பொருந்தும் என்றே காட்டியது. ஒரு நிறுவனத்தின் 54-உம் இன்னொரு நிறுவனத்தின் 54-உம் ஒன்றல்ல என்பதும், சட்டையின் காலர் அளவைப் போல அந்த எண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. பார்க்க வேண்டியவை இரண்டு அளவுகள். பெடல் அச்சின் (இரு பெடல் கைகளும் சுழலும் நடு அச்சு) மையத்திலிருந்து, ஹேண்டில்பார் வந்து சேரும் முன்குழாயின் உச்சிவரை உள்ள செங்குத்து உயரம் ஸ்டாக். அதே இரு புள்ளிகளுக்கு இடையிலான கிடைத் தூரம் ரீச். எனக்கு 40 செ.மீ. அளவில் ரீச் போதும். நான் வாங்கியதில் அது 43.

மூன்று சென்டிமீட்டர்தானே என்று நினைத்து, அதைச் சரிசெய்வதற்காகச் செலவழிக்கத் தொடங்கினேன். ஹேண்டில்பாரை ஃப்ரேமோடு இணைக்கும் 110 மி.மீ. ஸ்டெம்மைக் கழற்றிவிட்டு 70 மி.மீ. போட்டதும், முன்சக்கரம் சிறு அசைவுக்கும் துள்ளியது. சீட்டை அதன் அடிக்கம்பிகளின் கடைசிவரை முன்னே தள்ளியதும், இடுப்பும் பெடலும் ஒன்றுக்கொன்று இருக்க வேண்டிய இடத்திலிருந்து விலகின. பேடுகளைப் பின்னுக்கு இழுத்ததும் கியர் மாற்றும் முனை கைக்கு எட்டாமல் போனது. ஒவ்வொரு திருத்தமும் அடுத்த செலவைக் கூட்டிவந்தது.

2019-இல் தொடங்கிய கோவா அயர்ன்மேன் 70.3 போட்டிக்கு அந்தச் சைக்கிளைத்தான் எடுத்துச் சென்றேன். 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். ஐம்பதாவது கிலோமீட்டரில் பிடரியும் கீழ்முதுகும் இறுகிவிட்டன; எஞ்சிய தூரம் முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தே ஓட்டினேன். சமதளத்தில் நம்மைப் பிடித்து இழுக்கும் காற்றுத் தடையின் பெரும்பகுதி, ஓட்டுபவரின் உடலால் வருவது. குனிந்து படுத்த நிலையில் நீடிக்க முடியாதவருக்கு, விலையுயர்ந்த ஃப்ரேமின் மெல்லிய விளிம்புகள் தரும் பயன் மிகக் குறைவு. சாதாரண அலுமினிய ரோடு பைக்கில் ஏரோபார் பொருத்தி வந்தவர்கள், அசையாமல் படுத்தபடியே என்னைக் கடந்து போனார்கள். ஓராண்டுக்குப் பின் அதை விற்றபோது, மாற்றிய உதிரிப் பொருள்களையும் சேர்த்து நாற்பதாயிரம் ரூபாய் நட்டம். அந்தப் பணத்தைவிட, விற்பவர் வீட்டில் பத்து நிமிடம் செலவழித்து அளந்திருந்தால் போதுமே என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

அளப்பதற்கு ஒரு டேப்பும் சமதளத் தரையும் ஒரு சுவரும் போதும். பின்சக்கரம் சுவரைத் தொடும்படி சைக்கிளை நேராக நிறுத்துங்கள். தரையிலிருந்து முன்குழாயின் உச்சி 79 செ.மீ., பெடல் அச்சு 27 செ.மீ. என்றால் ஸ்டாக் 52. சுவரிலிருந்து முன்குழாய் உச்சியின் மையம் 116 செ.மீ., பெடல் அச்சு 74 செ.மீ. என்றால் ரீச் 42. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை, பணம் கொடுப்பதற்கு முன்பே, சைக்கிள் பொருத்தம் பார்ப்பவர் ஒருவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கான கட்டணத்தை வீண் செலவாக நினைக்காதீர்கள். முடிந்தால் அந்தச் சைக்கிளையே டிரெய்னரில் (நின்ற இடத்திலேயே ஓட்ட உதவும் தாங்கி) மாட்டி, முழங்கையைப் பேடில் வைத்து இருபது நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் தெரியாத வலி அதில் தெரிந்துவிடும்.

டிரை பைக்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது

கைவசம் ஒரு லட்சத்துக்குள்தான் இருக்கிறது என்றால், உடம்புக்குப் பொருந்தும் அலுமினிய ரோடு பைக்கை வாங்கி, அதில் கழற்றி மாட்டக்கூடிய ஏரோபாரைப் பொருத்துவதே என் பரிந்துரை. ஆனால் ஏரோபாரை முறுக்கி இறுக்குவதோடு வேலை முடிவதில்லை. உடல் முன்னே சாயும்போது சீட்டையும் சற்று முன்னே, சற்று மேலே நகர்த்த வேண்டும்; அப்போதுதான் தொடை வயிற்றில் இடிக்காது. வாங்குவதற்கு முன் ஹேண்டில்பாரைப் பாருங்கள். பெரும்பாலான ஏரோபார்கள் 31.8 மி.மீ. உருண்டைக் குழாயைத்தான் பிடிக்கும். தட்டையான கார்பன் ஹேண்டில்பாரில், அதைத் தயாரித்தவர் அனுமதித்திருந்தாலொழிய மாட்டக் கூடாது.

எடையைக் கணக்கிட்டு வாங்குவது

எடை குறைந்த சைக்கிள் மலைப்பாதைப் போட்டிக்குப் பயன்படும். கடற்கரைச் சாலைக்கு வேண்டாம்.

முழுப் பணத்தையும் சைக்கிளுக்கே கொடுப்பது

பெடல், ஷூ, பம்ப், நல்ல டயர் இரண்டு ஆகியவற்றுக்கு முதலில் பணத்தை ஒதுக்குங்கள். எளிதாக உருளும் நல்ல டயர்களே மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் வேகம்.

பழைய சைக்கிளைப் படத்தில் பார்த்து முடிவு செய்வது

பழைய டிரை பைக்குகள் சிலவற்றில் சக்கரம் வழக்கமான 700சி அளவு அல்ல, அதைவிடச் சிறிய 650சி. அந்த டயரைத் தேடி அலைய நேரிடும். பசை போட்டு ஒட்டும் டியூபுலர் டயர்களும் தொடக்கநிலையில் வேண்டாம். கார்பனில் பெடல் அச்சைச் சுற்றியும், சீட் கம்பியை இறுக்கும் இடத்திலும், முன்குழாயின் அடிப்புறத்திலும் விளக்கடித்து முடிக்கோடு போன்ற விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பலர் கவனிக்காமல் விடும் இடம் ஒன்று உண்டு. படுத்து ஓட்டுபவரின் வியர்வை நேராக ஏரோபாரின் மேல்தான் சொட்டும். டிரெய்னரில் பலகாலம் ஓட்டிய சைக்கிளில் அது இன்னும் அதிகம். பேடுகளை உரித்துவிட்டு அடியில் உள்ள போல்ட்டுகளைத் திருகிப் பாருங்கள். அந்தத் தம்பியின் சைக்கிளில் இடது பேடைத் தூக்கியபோது, பச்சையும் வெள்ளையுமாக உப்பு பூத்திருந்தது. ஆலன் சாவியைப் போட்டுத் திருப்பியதும் போல்ட்டின் தலை தனியாகக் கையோடு வந்துவிட்டது. போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு, தன் அளவுள்ள ஃப்ரேமுக்கு மாறும் வரையில் அந்த ஏரோபாரில் சாய்ந்து ஓட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.