தண்ணிக்குள் சண்டை: மேசையில் விடுகிற பிழைகள்

கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் 100 அடி ஆழத்தில் ஒரு கப்பல், உள்ளே புதையல், காவலுக்கு நாலைந்து சுறா. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்தபடி, ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பகடை உருட்டிக் கதை விளையாடுகிறவர்களுக்கு இந்தக் கதை தோன்றாமல் இராது. சண்டை தொடங்கியதும் குழப்பமும் தொடங்கும். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: மேசையில் இருக்கிறவர்கள் வெவ்வேறு புத்தகத்தின் விதிகளைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

மூச்சுக் கணக்கில் இது நன்றாகவே தெரியும். டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில், மூச்சடக்கும் நேரத்துக்கு 1 நிமிடத்தோடு கொன்ஸ்டிடியூஷன் மொடிஃபையரை (பாத்திரத்தின் உடல்வலுவுக்கான எண்) கூட்ட வேண்டும். +2 என்றால் 3 நிமிடம். ஒரு ரவுண்ட் (எல்லாரும் ஒரு முறை ஆடும் சுற்று) 6 செக்கன், ஆகவே 30 ரவுண்ட். சண்டை அதற்கு வெகுமுன்பே முடிந்துவிடும். மூச்சுமுட்டலை நம்பிப் பதற்றம் கூட்ட நினைக்கும் டிஎம் (கதையை நடத்துபவர்) ஏமாந்துபோவார். பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டின் இரண்டாம் பதிப்பிலோ 5 கூட்டல் மொடிஃபையர், அதுவும் ரவுண்டில். தாக்கிய முறைக்கு 2 குறையும். 7 ரவுண்ட் மூச்சோடு இறங்கி விடாமல் தாக்குகிறவருக்கு நாலாவது முறையோடு காற்றுத் தீர்ந்துவிடும். வாய்விட்டு மந்திரம் சொன்னால் மிச்சமும் ஒரேயடியாகப் போய்விடும். இந்தக் கடைசி விதியை ஐந்தாம் பதிப்பிலும் இருப்பதாக நினைத்து மந்திரவாதியின் வாயைக் கட்டுகிறவர்கள் உண்டு. அங்கே அப்படி விதி இல்லை. வேண்டுமென்றால் உங்கள் மேசைக்கு மட்டுமான வீட்டு விதியாக வையுங்கள். ஆனால் இறங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆயுதத்திலும் அதே கதைதான். நீச்சல் வேகம் இல்லாதவருக்கு ஐந்தாம் பதிப்பின் 2014 புத்தகம் குத்துவாள், குறுவாள், ஈட்டி, எறியீட்டி, திரிசூலம் ஐந்தைத் தவிர மற்றக் கைகலப்பு ஆயுதங்களுக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) கொடுக்கிறது. ரேப்பியரும் (மெல்லிய நீண்ட வாள்) இதில் மாட்டும். அதே பதிப்பின் 2024 புத்தகத்தில் குத்துக் காயம் தரும் எதுவும் தப்பும், ரேப்பியர் உட்பட. குறொஸ்போவுக்கு (விசைவில்) நேர்மாறு: 2014இல் சாதாரண வீச்சுக்குள் தடையில்லை, 2024இல் டிஸ்அட்வான்டேஜ். சாதாரண வீச்சைத் தாண்டினால் இரண்டிலும் குறி தவறும்.

ஐந்தாம் பதிப்பில் தண்ணிக்குள் ஃபயர்போல் (நெருப்புக் குண்டு மந்திரம்) போடலாம். முழுக்க மூழ்கியவருக்கு நெருப்புக் காயம் பாதி, அவ்வளவுதான். பகடையில் காயம் 28 வந்து, சேவிங் த்ரோவிலும் (காயத்தைக் குறைக்க உருட்டும் பகடை) தப்பினால் முதலில் 14, பிறகு 7. பாத்ஃபைண்டரில் நெருப்பு மந்திரமே போட முடியாது. மின்னல் தண்ணி முழுக்கப் பரவும், இரும்புக் கவசக்காரர் கல்லுப்போல மூழ்குவார் என்பதெல்லாம் ஐந்தாம் பதிப்பில் இல்லை. பள்ளிக்கூட விஞ்ஞானம் மேசைக்கு வந்தால் வாக்குவாதத்துக்கு முடிவிராது.

வோட்டர் பிரீதிங் மந்திரம் எல்லாத் தடையையும் நீக்கும் என்று நம்புவது இன்னொரு பிழை. 10 பேருக்கு 24 மணித்தியாலம் மூச்சு மட்டும்தான் அது தரும். ரவுண்டுக்கு 30 அடி வேகம் நீச்சலில் 15 ஆகவே இருக்கும், வாளும் தடுமாறும். 100 அடி மேலே வர, டாஷ் (தாக்காமல் இரட்டிப்புத் தூரம் நகர்வது) எடுத்தாலும் 4 ரவுண்ட்.

அந்த 100 அடியை வரைபடத்தில் மறந்துவிடுவதுதான் மிகப் பெரிய பிழை. தட்டையான தாளில் காய்களை நகர்த்தினால் சுறா கீழிருந்து வருவதே இல்லை. ஒவ்வொரு காயின் பக்கத்திலும் 20 முகப் பகடை ஒன்றை வையுங்கள். ஒரு எண்ணுக்கு 5 அடி ஆழம், 12 என்றால் 60 அடி. (கரம் காய்களை அடுக்கியும் பார்க்கலாம், யாராவது மேசையைத் தட்டும்வரை.) ஐந்தாம் பதிப்பின் வழக்கமான கட்டக் கணக்கில் மூலைவாக்கும் 5 அடிதான், ஆகவே கிடைத்தூரம், ஆழ வித்தியாசம் இரண்டில் பெரியதே தூரம். 20 அடி தள்ளி, 35 அடி கீழே நிற்கும் சுறா 35 அடி தூரத்தில் இருக்கிறது.