நத்தையிலும் புழுவிலும் ஒரே பட்டையா? கொஞ்சம் பொறுங்கள்

கெய்ரோவில் ஆய்வு மாணவனாக இருந்தபோது, மனித ரத்தக் குழாயில் வாழும் சிஸ்டோசோமா மான்சோனை என்ற ஒட்டுண்ணிப் புழுவின் சாறையும் அதைச் சுமக்கிற பயோம்ஃபலேரியா அலெக்சாண்ட்ரினா நத்தையின் சாறையும் அருகருகே ஓட்டி வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களைப் பிரித்து, மெம்பிரேன் என்ற மெல்லிய தாளில் ஏற்றி, ஆன்டிபாடி எதைப் பிடிக்கிறது என்று பட்டையாகப் பார்க்கும் சோதனை) போட்டேன். புழுவின் பெப்டைடை, அதாவது சிறு புரதத் துண்டை, ஊசி போட்ட முயலிடமிருந்து எடுத்த என் சீரம் (ஆன்டிபாடி உள்ள ரத்த நீர்) இரண்டிலும் பளிச்சென்று பட்டை காட்டியது. நத்தையை அரைத்தே புழுவுக்கு எதிரான தடுப்பூசி செய்துவிடலாம் என்று மூன்று வாரம் மிதந்தேன். அப்புறம்தான் உறைத்தது: முயலுக்குப் போட்ட பெப்டைடை கே.எல்.எச்.சோடு கோத்துத்தான் கொடுத்திருந்தோம். அது கீஹோல் லிம்பெட் என்ற கடல் நத்தையின் ரத்தப் புரதம். அந்த நத்தைக்கும் சிஸ்டோசோமாவுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் இரண்டிலும் ஒரே மாதிரி சர்க்கரைத் தொடர் உண்டு. முயல் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது.

எனவே முதல் வேலை, சீரத்தை கே.எல்.எச். கலந்து ஒரு மணி நேரம் வைத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது. எனக்கு மெம்பிரேன் பட்டையே இல்லாமல் வெள்ளையாக வந்தது.

நத்தை, லேபிலேயே பொரிந்து தொற்றே படாததாக இருக்கட்டும். ஓட்டைத் துடைத்து, பாதத்தைப் பிப்பெட் நுனியால் லேசாகக் குத்துங்கள். சடக்கென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓட்டின் வாயில் சிவப்பாக ஒரு துளி ததும்பும். நத்தை ரத்தம் நீலம் என்று படித்தவர்கள் மிரள வேண்டாம், இந்த இனத்துக்கு ஹீமோகுளோபின். அதன் இரும்பே பெராக்சிடேஸ் (பட்டையைத் தெரியவைக்கும் நொதி) வேலை பார்த்துப் பொய்ப் பட்டை காட்டக்கூடும். இரண்டாம் ஆன்டிபாடி (முயல் ஆன்டிபாடியைப் பிடிக்கும், நொதி கோத்த ஆன்டிபாடி) மட்டும் போட்ட துண்டு ஒன்று, ஊசிக்கு முன் எடுத்த அதே முயல் சீரம் போட்ட துண்டு ஒன்று, இரண்டும் கட்டாயம்.

புழுவுக்கு சர்க்கேரியா (நத்தையிலிருந்து வெளிவரும் இளம் புழு) வேண்டாம். நத்தையின் சதையைத் துளைத்து வருவதால் சளியும் ஒட்டிக்கொண்டு வரும். கையுறை இல்லாவிட்டால் உங்கள் தோலையும் துளைக்கும். எலியில் வளர்ந்த புழுவையே கழுவி எடுங்கள்.

அடுத்தது, சர்க்கரைத் தொடரைச் சிதைக்கும் பெரியோடேட். பிளாக் செய்த (வெற்றிடங்களை வேறு புரதத்தால் மூடிய) மெம்பிரேனை பி.எச். 4.5 அசிடேட் பஃபரில் அலசி, 10 மில்லிமோலார் சோடியம் பெரியோடேட்டில் இருட்டில் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு போரோஹைட்ரைடு, அரை மணி. அதன்பின் சீரம் போடுங்கள். வெறும் அசிடேட்டில் ஊறிய துண்டை ஒப்பிட வைத்துக்கொள்ளுங்கள். பட்டை போய்விட்டால் சர்க்கரைதான். நின்றால் புரதமாக இருக்கலாம். ட்ரோபோமயோசின் என்ற தசைப் புரதம் அப்படி இந்தப் புழுவிலும், நம் நத்தையின் உறவினமான பயோம்ஃபலேரியா கிளாப்ராட்டாவிலும் ஒத்திருப்பதை 1990-இல் பிரான்சின் லில் நகரக் குழு காட்டியது. அது நம் தசையிலும் இருக்கிறது. தடுப்பூசி நம் தசையையே தாக்கிவிடாமல் இருக்க, எலிக்கு ஊசி போடும் முன்பே மனிதப் புரத வரிசையோடு ஒப்பிட்டுவிடுங்கள்.