பெயின்ட் படக்கூடாத முகங்கள்: பழைய பார்ட்ஸைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி முடிந்ததும் மலையகத்தில் சில வீட்டுக் கொட்டகைகளில் தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கும். 1934இல் ஆரம்பித்த போட்டி அது. பார்த்துவிட்டு வரும் இளைஞர்களில் யாராவது ஒருவருக்கு "நாமளே ஒரு கார் கட்டினா என்ன?" என்று தோன்றிவிடுகிறது. பழைய மொரிஸ் மைனர் காரின் பின் அச்சு, கொழும்புப் பஞ்சிகாவத்தைப் பழைய பார்ட்ஸ் கடைகளில் தேடிப்பிடித்த கியர்பொக்ஸ், வெல்டிங் பாஸ் ஒட்டிக்கொடுத்த சசி (வண்டியின் அடிச்சட்டம்) என்று சாமான் சேரும். எனக்கு இதில் உண்மையாகவே சந்தோஷம். இந்தப் பிள்ளைகளுக்கு உதவி செய்வதை நான் நேரம் வீணாவதாக நினைத்ததே இல்லை.

ஆனால் பார்ட்ஸைக் கழுவி பெயின்ட் அடிக்கும் கட்டத்துக்கு வந்தால், நானும் என் வயதுக்காரர்களும் அந்தக் காலத்தில் செய்த அதே பிழைகள் வரிசையாக வருகின்றன. கையுறை போடுங்கள், கழற்றும் முன் போனில் படம் எடுங்கள், நட் போல்ட்டைக் கலக்காமல் டப்பாவில் போடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. பணத்தையும் சில வேளை உயிரையும் கேட்கிற பிழைகளை மட்டும் எழுதுகிறேன்.

பிரேக் ட்ரம் தூசியைக் கொம்ப்ரசரால் ஊதுவது

வேண்டாம். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே வாளியில் கழுவுவது

கிறீஸ் பிடித்த இரும்புச் சாமானுக்கு மண்ணெண்ணெய் நல்லது. பெட்ரோல் வேண்டாம், அதன் ஆவி தரையோடு தவழ்ந்து பக்கத்து அறை அடுப்புவரை போய் நெருப்பைப் பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெயில் கழுவி முடித்தால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. அது மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகிறது, அதன் மேல் அடிக்கும் பெயின்ட் மாதக் கணக்கில் கூடத் தாங்காது. சோப்புத் தூளும் சுடுதண்ணீரும் போட்டுத் தேய்த்து, காயவைத்து, கடைசியில் தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி வெள்ளையாகவே வரும்வரை துணியை மாற்றிக்கொண்டே இருங்கள்.

காஸ்டிக் சோடா இரும்பில் இருக்கும் பழைய பெயின்ட்டை அழகாக உரிக்கும். அதே வாளியில் அலுமினியக் கார்புரேட்டரைப் போட்டால் நுரைத்துப் பொங்கி, உலோகத்தையே தின்றுவிடும். அப்போது கிளம்புவது ஐதரசன் வாயு, பக்கத்தில் பீடி பற்றவைக்கவும் கூடாது.

பிரேக் சிலிண்டருக்குள் மண்ணெண்ணெய் ஒரு சொட்டுகூடப் போகக்கூடாது. ரப்பர் சீல் ஊதி, பெடல் திரும்பி வராமல் நிற்கும். ஸ்பிரிட்டாலோ புது பிரேக் ஒயிலாலோ மட்டும் கழுவுங்கள். அந்த பிரேக் ஒயில் சாதாரண எனமல் பெயின்ட்டை உரித்துவிடும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொண்டு மாஸ்டர் சிலிண்டர் பக்கம் வேலை செய்யுங்கள்.

ஸ்பிரிங்கை அசிட்டில் ஊறப்போடுவது

துருவை எடுக்க டொய்லட் கழுவும் அசிட்டில் ராத்திரி முழுக்கப் போட்டுவைப்பார்கள். சாதாரண இரும்பு பிரக்கெட்டுக்குப் பரவாயில்லை, பிறகு அப்பச்சோடாக் கரைசலில் கழுவினால் போதும். ஆனால் ஸ்பிரிங், மைனரின் முன்பக்க டோர்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி), கடினமான ஸ்டட் (நட் ஏறும் மரைக் கம்பி), போல்ட் ஆகியவற்றை அசிட்டில் போடவே கூடாது. அசிட்டும் இரும்பும் சேரும்போது உண்டாகும் ஐதரசன் கடின உருக்குக்குள் புகுந்துகொள்கிறது. வெளியே பார்த்தால் பளபளவென்று புதிதுபோல் இருக்கும், பாரம் ஏறிய பிறகு ஒரு நாள் முன்னறிவிப்பே இல்லாமல் முறியும். டோர்ஷன் பாரில் கிரைண்டர் வைத்து ஒரு கீறல் போட்டாலும் வெடிப்பு அங்கேயிருந்துதான் தொடங்கும். அதைக் கையால், நைசான எமரி பேப்பரால் மட்டும் தேய்த்து, உடனே பெயின்ட் அடித்துவிடுங்கள்.

பொருந்தும் முகங்களில் பெயின்ட் அடிப்பது

எனக்கு இன்றைக்கும் பொறுக்க முடியாதது இதுதான். இரண்டு பார்ட்ஸ் ஒன்றோடொன்று அழுந்தி உட்காரும் பரப்பைத்தான் முகம் என்கிறேன்.

தலவாக்கலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் மைனர் பார்ட்ஸில் இரண்டு பேர் உட்காரும் திறந்த கார் ஒன்று கட்டினார். வெல்டிங் சுத்தம், வயரிங் சுத்தம். ஹப் (அச்சு நுனியில் வீல் ஏறும் பகுதி), ட்ரம், வீல் எல்லாவற்றுக்கும் ப்ரைமர் ஒரு கோட், அதற்கு மேல் கறுப்பு இரண்டு கோட். ஓட்டிப் பார்க்க நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கினார். புசல்லாவையைத் தாண்டி எனக்குப் போன் வந்தது.

"அண்ணே, பின்னால இடது பக்கம் டக்கு டக்குன்னு சத்தம். பேரிங் போயிருச்சுன்னு நெனைக்கிறேன்."

"வண்டிய ஓரங்கட்டு தம்பி. ஒரு அடிகூட நகர்த்தாத. வீல் நட்ட கையால தொட்டுப் பாரு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அண்ணே, கையாலயே சுத்துது. ஒண்ணக் காணோம். நான் டொர்க் ரென்ச் போட்டுத்தானே இறுக்கினேன்."

அவர் பொய் சொல்லவில்லை. இறுக்கிய விதத்தில் ஒரு குறையும் இல்லை. போய் வீலைக் கழற்றியபோது ட்ரம் முகத்திலிருந்து கறுப்புப் பெயின்ட் வளையமாகக் கழன்று, ஓரத்தில் சுருண்டு, நகத்தால் இழுத்தால் நாடாவாக வந்தது. வீலில் ஸ்டட் ஓட்டைகள் வட்டமாக இல்லை, முட்டை வடிவமாக நீண்டிருந்தன. ஸ்டட்டுகளின் மரை தேய்ந்து மினுங்கியது. ஒரு வீல், ட்ரம், நாலு ஸ்டட் அவ்வளவும் பழைய இரும்புக்குப் போயின. நல்ல மைனர் ட்ரம் இன்றைக்குக் கேட்டவுடன் கிடைக்கிற சாமான் இல்லை. றம்பொடை வளைவுகளில் வீல் கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்தப் பாதையில் போனவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொண்டால் வாழ்நாள் முழுக்க இந்தப் பிழை வராது. வீலைப் பிடித்து வைத்திருப்பது நட்டின் மரை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நட்டை இறுக்கும்போது ஸ்டட் ரப்பர் நாடாவைப்போல் சற்று நீளுகிறது. அது பழையபடி சுருங்கப் பார்க்கும் விசைதான் வீலையும் ட்ரம்மையும் ஹப்போடு சேர்த்து அழுத்தி வைத்திருக்கிறது. இந்த அளவு ஸ்டட்டில் அந்த நீட்சி மில்லிமீற்றரில் நூறில் சில பங்குதான். வீல் தகடும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், ஆனால் அதுவும் சொற்பம்.

இப்போது பெயின்ட் கணக்கைப் பாருங்கள். ப்ரைமரும் இரண்டு கோட்டும் சேர்ந்தால் ஒரு முகத்தில் ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர் தடிப்பு வரும். ஹப்பின் முகம், ட்ரம்மின் உள்முகம், ட்ரம்மின் வெளிமுகம், வீலின் முகம் என்று நாலு முகம். கூட்டினால் 0.4 மில்லிமீற்றர். ஸ்டட் நீண்டதைவிடப் பல மடங்கு. மலை இறங்கும்போது பிரேக் பிடித்துப் பிடித்து ட்ரம் 200 பாகை செல்சியஸைத் தாண்டலாம். அந்தச் சூட்டில் சாதாரண பெயின்ட் இளகி, அழுத்தம் தாங்காமல் ஓரத்துக்குப் பிதுங்கும். அதில் ஒரு சிறு பங்கு பிதுங்கினாலே ஸ்டட்டின் நீட்சி முழுவதும் போய்விடும். அழுத்தம் போன பிறகு வீல் ஆடும், ஆட ஆட நட் கழலும். சமதரையில் மெதுவாக ஓடும் வண்டியில் இது வெளியே தெரியாமலே இருக்கலாம். கினிகத்தேனை இறக்கத்திலும் றம்பொடையிலும் தெரிந்துவிடும்.

பவுடர் கோட்டிங் இன்னும் தடிப்பு. கொழும்பில் ஓர் இடத்திலிருந்து ஒருவர் கோட்டிங் போட்டு எடுத்துவந்த வீல்களைப் பார்த்தேன். நட் உட்காரும் கூம்புக் குழிக்குள்ளேயும் வழவழவென்று கோட்டிங் நிரப்பிக் கொடுத்திருந்தார்கள். வேலை செய்தவருக்கு அது எங்கே போய்ப் பொருந்தப்போகிறது என்று தெரியாது. கொடுக்கிற நாம்தான் "இந்த இடத்தில் வேண்டாம்" என்று சோக்கட்டியால் வட்டம் போட்டுச் சொல்லவேண்டும்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். பெயின்ட் அடிக்கும் முன் பழைய கல்யாணப் பத்திரிகை மட்டை ஒன்றை எடுத்து, ஹப் முகத்தின் அளவுக்கு வட்டமாக வெட்டி, மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். நட் குழிகளில் கிறீஸ் தடவிய பழைய நட்டைப் பதித்து வையுங்கள். ஏற்கெனவே அடித்துவிட்டீர்களா? தின்னரில் துணியை நனைத்து முகத்தின் மேல் வைத்து, இளகியதும் சுரண்டுங்கள். கிரைண்டர் வைத்து முகத்தைப் பள்ளமாக்கிவிடாதீர்கள். பிறகு ஃபிட்டர்கள் பாவிக்கும் நீல மையை ஹப் முகத்தில் மெல்லியதாகத் தடவி, ட்ரம்மை ஏற்றி இறக்கிப் பாருங்கள். ட்ரம்மில் நீலம் முழு வளையமாகப் பதிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பதிந்தால் அங்கே துருக் கட்டியோ பெயின்ட் சொட்டோ மேடாக நிற்கிறது.

"பெயின்ட் இல்லாவிட்டால் துருப்பிடிக்காதா அண்ணே?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். இறுகப் பொருந்திய முகத்தில் மேலோட்டமான துரு வந்தாலும் அது ஆளைக் கொல்லாது. ஹப்பின் நடு வளையத்தில் மட்டும் கிறீஸை மிக மெல்லியதாகத் தடவுங்கள். ஸ்டட்டிலும் நட் கூம்பிலும் வேண்டாம். வீல் போட்டு 50 முதல் 80 கிலோமீற்றர் ஓடியதும் நட்டைத் திரும்ப இறுக்கிப் பார்ப்பது கட்டாயம்.

இதே விதி வீலோடு நிற்கவில்லை. பின் ஸ்பிரிங் அச்சில் உட்காரும் மேடை, யூ-போல்ட் தட்டு, எஞ்சின் மவுன்ட், ஸ்டியரிங் பொக்ஸ் சசியில் சேரும் இடம் எல்லாமே அழுத்தத்தில் நிற்பவை. இவற்றிலெல்லாம் மோசமானது ஸ்டியரிங் ஆர்மில் "போல் ஜொயின்ட்" (குண்டு மூட்டு) இறங்கும் கூம்பு ஓட்டை. அதற்குள் பெயின்ட் போய்விட்டால் கூம்பு ஒருபோதும் ஒழுங்காகக் கவ்வாது. ஓட்டைக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், வெறும் இரும்பு தட்டுப்பட வேண்டும்.

பனிமூட்டத்தில் ஸ்ப்ரே கன்னை எடுப்பது

பெயின்ட் டப்பாவில் எழுதியிருப்பது நம் ஊர்க் காற்றுக்கு எழுதியது இல்லை. ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த இரும்பைக் காலையில் வெளியே எடுத்தால் அது வியர்க்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரத்தின் மேல் பெயின்ட் அடித்தால் உள்ளேயே துரு ஓடும், அடுத்த மழைக்காலத்தில் கொப்புளமாக வெளியே வரும். இரும்பின் சூடு பனி படியும் வெப்பநிலையைவிட 3 பாகையாவது கூட இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதன் 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஹட்டனில் சாதாரண ஒரு மாலை, 16 பாகை, ஈரப்பதன் 90 சதவீதம் என்று வையுங்கள். பனி படியும் வெப்பநிலை ஏறக்குறைய 14½. இடைவெளி 3 பாகை இல்லை, அன்றைக்கு வேலையை விடுங்கள். வெப்பநிலை, ஈரப்பதன் இரண்டையும் காட்டும் சின்னக் கருவி மலிவாகவே கிடைக்கிறது.

என்சி (நைட்ரோசெலுலோஸ்) பெயின்ட் அடிப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. தின்னர் சடுதியாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரத்தை இழுத்து, பெயின்ட் வெள்ளைப் பூஞ்சணம் பூத்ததுபோல் வெளிறிவிடும். மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கேட்டு வாங்குங்கள்.

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை முற்பகல் 11 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் அடிப்பது நல்லது. வெலிமடை, பண்டாரவளைக்காரர்களுக்கு நாங்கள் மழையில் நனையும் ஜூலை, ஓகஸ்டில் பெயின்ட் நன்றாகக் காயும். அங்கே காற்றில் வரும் தூசிக்குத்தான் மறைப்புக் கட்ட வேண்டும். அவசரம் என்றால், பெயின்ட் அடிக்கும் முன் பார்ட்டை மரப்பெட்டிக்குள் வைத்துப் பழைய இழை பல்ப் ஒன்றைச் சில மணி நேரம் எரியவிடுங்கள். எல்.ஈ.டி. பல்ப் அந்தச் சூட்டைத் தராது. பெயின்ட் அடித்த ஈரத்தோடு மட்டும் உள்ளே வைத்துவிடாதீர்கள், தின்னர் ஆவி பற்றிக்கொள்ளும்.

எனமல் மேல் என்சி

அடியிலுள்ள எனமல் சுருங்கும். எனமல் குளிரில் காய இன்னும் நாள் எடுக்கும், எனவே எனமலில் தொடங்கினால் எனமலிலேயே முடியுங்கள்.

பேரிங்கைக் காற்றடித்துச் சுழற்றுவது

கேட்க நன்றாக இருக்கும். எண்ணெய் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் பேரிங் கீறிப்போகும், கூடு உடைந்தால் குண்டுகள் முகத்துக்கு வரும்.

எஞ்சின் நம்பரை உரைத்துவிடுவது

எஞ்சின் நம்பர், சசி நம்பர் இருக்கும் இடத்தில் கிரைண்டரும் வேண்டாம், பள்ளம் நிரப்பும் பில்லரும் வேண்டாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதற்குப் பதில் சொல்லி முடியாது.

பெயின்ட்டின் மேல் ஏர்த் வயர்

பெட்டரியிலிருந்து சசிக்கு வரும் வயரும் எஞ்சினுக்கும் சசிக்கும் இடையிலுள்ள பின்னல் வயரும் வெறும் இரும்பில் உட்கார வேண்டும். அழகாகப் பெயின்ட் அடித்த சசியில் அப்படியே போல்ட் போட்டால் ஸ்டார்ட்டருக்குப் போகும் மின்சாரம் வேறு வழி தேடும். சில வண்டிகளில் அது சோக் கேபிள் வழியாகப் போய், கேபிள் சிவந்து புகைந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குச் சுரண்டி, போல்ட்டை இறுக்கிய பிறகு மேலே கிறீஸ் தடவுங்கள்.