தேர்ச்சியை அளவாகக் கொண்டு தரம் 10 கணித வகுப்பை நடத்தும் முறை

தேயிலைத் தோட்டத்தில் நாள் முழுவதும் மலையில் நின்றாலும், நிர்ணயித்த கிலோ கொழுந்து சேராவிட்டால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான், விழும். பாடசாலையில் வழக்கம் நேர்மாறானது: இடாப்பில் வரவு விழுந்து பாடவேளைகள் கழிந்துவிட்டால், பின்னம் விளங்காத பிள்ளையும் அடுத்த தரத்திற்கு ஏறிவிடுகிறது. கூலிக் கணக்கின் கொடுமையை வகுப்புக்குள் கொண்டுவரச் சொல்லவில்லை; மலையில் மறுக்கப்படும் அவகாசத்தைப் பிள்ளைக்குக் கொடுத்து, கற்றதை மட்டும் உறுதியாகக் கேட்பதே இம்முறை.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கார்னகி அலகு என்ற கணக்கு நெடுங்காலம் நிலைத்தது. ஆண்டொன்றில் ஒரு பாடத்தை ஏறத்தாழ 120 மணி நேரம் படித்தால் ஓர் அலகு. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 2005ஆம் ஆண்டு விதிகளை மாற்றி, தேர்ச்சியைக் காட்டுவோருக்கே அந்த மதிப்பை வழங்குமாறு பள்ளிகளைப் பணித்தது. இலங்கையில் நம்மிடமும், தொழில் திறனுக்குச் சான்றிதழ் வழங்கும் தேசிய தொழில் தகைமை முறையில் இதற்கு வழியுண்டு. வாகனத் திருத்தகத்தில் வேலை பழகிய இளைஞர், வகுப்புக்குப் போகாமலே திறமையைச் செய்துகாட்டிச் சான்றிதழ் பெறலாம்.

முழுப் பாடசாலையையும் மாற்ற முனையாமல், கணிதப் பாடத்தின் ஓர் அலகில் தொடங்குங்கள். ஆசிரியர் வழிகாட்டியில் உள்ள தேர்ச்சி மட்டங்களை, ‘இதை என்னால் செய்ய முடியும்’ என்று பிள்ளை தானே சொல்லக்கூடிய வாக்கியங்களாக எழுதுங்கள். முதல் தடவை நான் நாற்பது வாக்கியங்கள் எழுதி, பதிவு செய்வதிலேயே தவணையைக் கழித்தேன். ஓர் அலகுக்கு நான்கைந்து போதும்.

சதவீதத்தை எடுத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 24,000 ரூபாய், ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் கழிகிறது என்றால், பெரும்பாலான பிள்ளைகள் 1,920 ரூபாய் என்று உடனே சொல்வார்கள். கையில் கிடைத்த 22,080 ரூபாயை மட்டும் கொடுத்து, கழிவதற்கு முன் எவ்வளவு என்று கேட்டால், பலர் அந்தத் தொகையின் 8 சதவீதத்தைக் கூட்டி 23,846.40 என்று எழுதுவார்கள். 153 ரூபாய் 60 சதம் எங்கே போனது என்று அவர்களே தேடட்டும். 22,080 என்பது முழுத்தொகையின் 92 சதவீதம் என்பதைத் தாமே கண்டு சொல்லும் பிள்ளைதான் இந்த மட்டத்தை அடைந்திருக்கிறது. முதல் கேள்விக்கு மட்டும் விடை சொன்ன பிள்ளை பாதி வழியில் நிற்கிறது. ஆகவே ஒவ்வொரு வாக்கியத்திற்கும் வெவ்வேறு நாட்களில் இரண்டு சான்றுகள் கேளுங்கள்: ஒன்று எழுத்தில், மற்றது பக்கத்துப் பிள்ளைக்கு வாய்விட்டு விளக்குவதில்.

வரவு இடாப்பு விதிப்படி இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில் ஒரு சதுரக் கோட்டுக் கொப்பி வையுங்கள். இடப்பக்கம் பெயர்கள், மேலே வாக்கியங்கள். தொடாத கட்டம் வெறுமை, பாதி அடைந்தது ஒரு சாய்கோடு, முழுதும் அடைந்தது இரண்டு கோடுகள். பிந்தி அடைந்தவருக்குக் குறைத்துப் போடக் கூடாது. தென்மேற்குப் பருவமழையில் பாதை அடைபட்டு இரண்டு வாரம் வராத மஸ்கெலியாப் பிள்ளை, திரும்பி வந்ததும் வகுப்பு நிற்கும் இடத்தில் அல்ல, தன் சாய்கோடு நிற்கும் கட்டத்தில் தொடங்க வேண்டும். மறுவாய்ப்புக் கேட்பவர் பழைய விடையில் பிழை எங்கே என்று எழுதிக் கொண்டுவந்த பின்பே புதிய கேள்வியைப் பெற வேண்டும். இல்லாவிட்டால் அது அதிர்ஷ்டம் பார்க்கும் விளையாட்டாகிவிடும்.

முன்னே போய்விட்ட பிள்ளைகளை எந்நேரமும் உதவி ஆசிரியராக்காதீர்கள். கடந்தகால வினாத்தாள்களில் கடினமான பகுதி அவர்களுக்காகக் காத்திருக்கிறது.

சாதாரண தரப் பரீட்சையின் திகதி யாருக்காகவும் நகராது. அதனால் பின்னம், சதவீதம், எளிய சமன்பாடு ஆகிய அடித்தளங்களுக்கே இந்த நெகிழ்வான நேரத்தை ஒதுக்கி, மற்ற அலகுகளை வழக்கப்படி நடத்துவது நல்லது. தவணை முடிவில் இன்னும் சாய்கோட்டில் நிற்கும் கட்டங்களை அவசரமாக நிரப்ப வேண்டாம். கொப்பியை அப்படியே தரம் 11 ஆசிரியரிடம் கொடுத்து, எந்தக் கட்டத்தில் எந்தப் பிழை திரும்பத் திரும்ப வந்தது என்று ஒரு வரி எழுதிவையுங்கள்.